ரன்னர் ஸ்டீபன்ராஜ்

2012இல், கரண்ட் இல்லாத நேரங்களிலும் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஓடியதற்குக் காரணம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஸ்டீபன்ராஜ் ஓடியதுதான்.

கம்ப்யூட்டர் கிளாராவுடையது. தமிழ் எழுத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் எழுதிவந்தார்கள், அவளும் ஒருத்தி. யார் ஒரு வரியைத் திருத்தினாலும் மொத்தத்தையும் மறுபடி ஓட்டிச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் மெஷினுக்கு ரன்னர் என்று பெயர். அதையும் மனமுள்ளவர்கள்தான் தர வேண்டும். கிளாராவின் அக்கா லூசியாவுக்குக் கண் தெரியாது. அரசுத் தேர்வுக்கு அந்தக் குரல்தான் அவளுக்குப் பாடம் படித்தது. ஆனால் ‘ழ’ வந்தால் விக்கி நின்றுவிடும். வரலாற்றில் அவளால் சோழர்களைத் தாண்டவே முடியவில்லை. கிளாரா திருத்தம் எழுதிவிட்டாள். சோதனை முடிந்தால்தான் வெளியாகும். அதற்கு அரை நாள் பிடிக்கும். கரண்ட் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது.

விழுப்புரத்துக் கல்லூரித் தாளாளர் சக்கரபாணி உதவ முன்வந்தார். ஃப்ளெக்ஸ், ரிப்பன், பொன்னாடை சகிதம் ‘உலகத்தர ரன்னர் மையம்’ திறக்கப்பட்டது. ஜெனரேட்டர் மைக்குக்காக ஓடியது; விழா முடிந்ததும் மைக்கோடு வேனில் ஏறிவிட்டது. கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கலாமா என்று கிளாரா கேட்டாள்.

“பிரிச்சா தூசி படும்மா. அடுத்த விழாவுக்கு என்னா பண்றது?” என்றார் தாளாளர்.

அந்த ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சாமியார் அறிவிப்பு வாசித்தார்: கிளாராவுக்கு ரன்னர்கள் தேவை, தன்னார்வலர்கள் அணுகவும். சுகருக்காக டாக்டர் ஓடச் சொல்லியிருந்த ஸ்டீபன்ராஜ் மறுநாள் காலை கேன்வாஸ் ஷூவோடு கிளாரா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“எங்கம்மா ஓடணும்?”

“அது மெஷினு மாமா. ஆளு இல்ல.”

“ஷூ வாங்கிட்டனே.”

“ஓடட்டும் உடுடி,” என்றாள் உள்ளேயிருந்து லூசியா. “நான் சோழர் காலத்துலேர்ந்து ஒக்காந்துக்கினு இருக்கேன்.”

அவர் அந்த வீட்டைச் சுற்றி ஓடினார். வழக்கம்போல் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, கம்ப்யூட்டர் நிற்கவில்லை. தண்ணீர் குடிக்க அவர் நின்றபோது அதுவும் நின்றது. மறுபடி அவர் கிளம்ப, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எதிர்வீட்டு அருள்ராணி எட்டிப் பார்த்து, “எங்கூட்டு மிக்சிக்கும் சேத்து ஒரு சுத்து ஓடுங்கண்ணே, சட்னி பாதில நிக்குது,” என்றாள். ஓடினார். சட்னி அரைந்தது. மதியத்துக்குள் எல்லாச் சோதனைகளும் தேறி, திரையில் பச்சை விழுந்தது. புதிய குரல் வாய் திறந்தது: “சோழர்களின் வீழ்ச்சிக்குப் பின்...”

“அப்பாடா, உழுந்தாங்க,” என்று லூசியா நாற்காலியில் சாய்ந்தாள்.

தேர்வில் பாண்டியர்களைப் பற்றித்தான் கேட்டார்கள். விழுப்புரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சக்கரபாணி சும்மா இருப்பாரா? ஸ்டீபன்ராஜைப் பாராட்ட மேடையில் நிற்கவைத்தார். ரன்னர் ஏன் நின்றுவிட்டது என்று வெளியூர்த் தோழர்கள் கேட்க, பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று கிளாரா பதில் எழுதினாள்.

சில வருடங்களில் மின்வெட்டு தீர்ந்தது, சுகர் தீரவில்லை. மென்பொருள் திட்டத்தின் இணையப் பக்கத்தில் மற்ற ரன்னர்களுக்கு நேரே ‘ஓடுகிறது’ என்றிருக்கும். திண்டிவனத்துக்கு நேரே மட்டும் ‘ஓடுகிறார்’.