தரையைக் கழுவியவன்

கொலை நடந்தது உண்மை, ஆனால் அவன்தான் செய்தான் என்று சொல்ல முடியாது, தடயத்தை அழித்தது மட்டும் அவன்தான்... இதை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது என்று ரோஹிணிக்குத் தெரியவில்லை. வக்கீல் ரவிசந்திரன் போனை வைத்து வெகுநேரமாகியும், வீட்டுக்குப் போகும் கம்பெனி கேப் புனே ஹிஞ்சேவாடி நெரிசலைத் தாண்டவில்லை, பக்கத்துப் பெண் வாய் திறந்து தூங்குகிறாள், இவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். "அப்பீல்ல கொலைக் குற்றத்தை ரத்து பண்ணிட்டாங்கம்மா. தடயத்தை மறைச்சதுக்கு மூணு வருஷம்தான். ஹரீஷ் நாலு வருஷமா உள்ளதானே இருக்கார், அதனால வெளிய வந்துடுவார்." அப்போ எங்கக்காவ யாருங்க கொன்னாங்க என்று இவள் கேட்டதற்கு அவர், அதை இந்தத் தீர்ப்புல சொல்லலம்மா என்றார். மேலே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாமாம், போகலாம், போய்...?

யாரோ வந்து அக்கா ஸ்ரீவித்யாவைக் கொன்றார்கள், கட்டிய புருஷன் ஹரீஷ் பயந்துபோய் ரத்தத்தைக் கழுவிவிட்டு உடம்பைக் காரில் ஏற்றிக் கடக்வாஸ்லா அணைப் பக்கம் புதரில் போட்டுவிட்டு வந்தான், அவ்வளவுதானா? அன்றைக்கு, அக்காவைக் காணோம் என்று அவன் கூப்பிட்டு இவள் ஓடிப்போனபோது ஹால் முழுக்க ஃபினாயில் வாசனை, தரை இன்னும் காயவில்லை, பார்த்து வா ரோஹிணி வழுக்கும் என்றான், டீ போட்டுக்கூடக் கொடுத்தான், அந்த ஈரத்தில் கால் வைத்துக்கொண்டு இவள் அதைக் குடித்தாள். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி ஃபினாயில் வாசனையைச் சொன்னபோது அவனுடைய வக்கீல் சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டில் ஃபினாயில் போடுவதில்லையா என்று கேட்டார். போடுவோம். தினமுமா? தினமும்தான். சரி, உட்காருங்கள்... வேறென்ன சொல்லியிருக்க வேண்டும், அந்த டீயைச் சொல்லியிருக்கலாமோ, டீ போட்டுக் கொடுப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? இப்போது அக்கா மகள் வைஷு. அக்கா போனபோது ஐந்து வயது, அன்றிலிருந்து இவளிடம்தான் வளர்கிறாள். பெத்த அப்பா வந்து கேட்டா சார்? பார்க்கலாம்மா, என்றார் ரவிசந்திரன் போனில், அவர் குரல் அந்த இடத்தில்தான் தாழ்ந்தது.

பக்கத்து ஃபிளாட் ராஜி வீட்டிலிருந்து வைஷுவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றவிடாமல் சொல்லிவிட்டாள், வேறு யாராவது சொல்லிக் கேட்கக் கூடாது என்று. உங்கப்பா வெளிய வர்றாங்க கண்ணு. குழந்தை பையை இறக்கவில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போவாங்களா சித்தி?" பயமா, ஆசையா, அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை, நானே வளர்த்த பிள்ளையின் குரல் எனக்கே பிடிபடவில்லையே... "உனக்குப் போகோணுமா சாமி?" வைஷு ஷூ லேஸைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தை, எதையோ அளந்து பார்ப்பவள் மாதிரி. "போகணும்னு சொன்னா நீங்க அழுவீங்க, ஹை நா? அழுவீங்கதானே?" ரோஹிணி குனிந்து அந்த ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினாள், இத்தனை வருஷத்தில் இந்தப் பிள்ளை ஒரு நாள்கூட அப்பா என்று வாய் திறந்ததில்லை, மறந்துவிட்டாள், நல்லதாய்ப் போயிற்று என்றல்லவா இவள் நினைத்துக்கொண்டிருந்தாள், மறக்கவில்லை, இவள் அழக் கூடாதென்றுதான் இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்...