காசிம் வீட்டு வாசலில் நிற்கும் முபாரக்

என் பெயர் முகமது பாரூக், வயது இருபத்து மூன்று, ஷார்ஜாவில் ஒரு தையல் கடைக்கு மேலே ஆறு பேரோடு தங்கியிருக்கிறேன். திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டு வாசலில், 1994 நோன்புப் பெருநாளன்று சொன்ன வாழ்த்து ஒன்று இன்னும் நிற்கிறது. சொன்னவள் அத்தாவின், அதாவது என் அப்பாவின், அக்கா நஜ்முன்னிசா மாமி. "தம்பி காசிம், ஈத் முபாரக்" என்றாள். தாய்மாமனான தன்னைக் கேட்காமல் மகளுக்கு நிச்சயம் செய்துவிட்டாள் என்ற கோபத்தில் இருந்த அத்தா, "கைர் முபாரக்" என்று பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி நத்தத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். வாழ்த்து போகவில்லை.

நிலைக்குச் சற்றுக் கீழே, அவள் குரலிலேயே சொல்லிக்கொண்டு நின்றது. மறுநாள் தபால் கொண்டுவந்த செபஸ்தியான் அதில் மோதி நெற்றியில் மூன்று தையல் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு சகாயராணி டீச்சர், "கைர் முபாரக் அக்கா, செத்த நேரம் சும்மா இருங்க, பிள்ளைக படிக்கணும்ல" என்று பதில் சொல்லிப் பார்த்தார். டீச்சருக்குச் சொன்ன வாழ்த்து இல்லை என்பதால் அது அடங்கவில்லை. "அவ தொண்டை கிழியட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் அத்தா. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அது நாலு விரல் இறங்கியது. நாங்கள் குனிந்து போய்வந்தோம். 2003இல் அத்தா நோயில் படுத்தார். கடைசி வாரம் மனம் இளகி வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவர் மய்யித்தை வைத்துத் தோளில் ஏற்றிய சந்தூக்குப் பெட்டி வாசலில் நுழையாததால் பின்சுவரை இடித்துக் கொண்டுபோனார்கள். அடுத்த பெருநாளில் அந்த இடிப்பிலும் வாழ்த்து நின்றது. அதன்பின் வருடத்துக்கு ஒரு சாண் இறங்கியது.

இப்போது தரைக்கு ஒரு சாண்தான் மிச்சம். அம்மா காதர் பீவி வெளியே வந்து இரண்டு வருடமாகிறது. "கொழம்பு சிந்தாம இழு காதரு, வெஞ்சனம் ஓரமா வச்சிருக்கேன்" என்று மூன்று வேளையும் டீச்சர்தான் தட்டைத் தரையோடு தள்ளிவிடுகிறார். அதனால் அவரும் எங்கும் நகர முடியாது. வரும் பெருநாளில் தட்டும் நுழையாது.

போன வெள்ளி அம்மா போனில், "ஏ அப்பு, இப்ப அது உன் பேரச் சொல்லுதுடா" என்று ரிசீவரை வாசல் பக்கம் நீட்டினாள். கேட்டேன். "பாரூக், ஈத் முபாரக்." உடனே பதில் சொன்னேன். சொன்னவள் காதில் விழாத பதில் பதிலாகாது போல, அது அடங்கவில்லை. எனக்கு லீவு இல்லை, மாமி வீட்டில் போன் இல்லை. ஆனால் சலாமை இன்னொருவர் வாயில் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். பதிலும் அப்படிப் போய்ச் சேரும்.

இதைப் படிப்பவர் யாராயிருந்தாலும், பெருநாளுக்கு முன்னால் நத்தம் பஸ் ஏறுங்கள். புளியந்தோப்புக்குப் பின்னால் பச்சைக் கதவு வீடு. "உங்க தம்பி மகன் பாரூக் கைர் முபாரக் சொன்னான்" என்று மாமியிடம் சொல்லுங்கள். அவளுக்குக் காது மந்தம், சத்தமாகச் சொல்லுங்கள்.