கண்ணாடிப் பட்டறையில் ஊக்கப் பயிற்சி

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தீட்டும் அந்தப் பட்டறையில் மொத்தம் எட்டுப் பேர். "ஊருக்கே பார்வை கொடுக்கும் கைகள்" என்று முதலாளி வாசலில் பெரிய பலகை மாட்டியிருந்தார். கைகள் மட்டும்தான் அவர் ஞாபகத்தில் இருந்தன. அந்தக் கைகளின் சொந்தக்காரர்களுக்கும் ஆளுக்கு இரண்டு கண்கள் உண்டு என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வில்லையை ஃபிரேமுக்குள் உட்காருகிற மாதிரி விளிம்பு தீட்டுகிறவரை எல்லோரும் விளிம்பண்ணன் என்பார்கள். வயது நாற்பத்தேழு. இரண்டு வருடமாகவே ஆர்டர் சீட்டில் இருக்கும் எண்கள் அவருக்கு எறும்பாக ஊர்ந்தன. மூன்றா, எட்டா? கையை நீட்டிப் பார்ப்பார், விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பார், கடைசியில் குத்துமதிப்பாக ஒன்றை வைத்துத் தீட்டிவிடுவார்.

வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். "கண்ணு தெரியாத ஆள் செஞ்ச கண்ணாடிய எவன்யா வாங்குவான்?" என்று முதலாளி அன்றைக்கே அவரை அட்டைப்பெட்டி ஒட்டத் தள்ளிவிட்டார். இருபது வருடம் வில்லை தீட்டிய மனிதர் பசை வாளியோடு இரண்டு மாதம் குந்தியிருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அன்றிலிருந்து பட்டறையில் எல்லோருக்கும் கழுகுப் பார்வை.

இந்த வருடம், சோதனையில் தேறாத வில்லைகளை ஆளுக்கொன்றாகப் போட்டு வைக்கும் கழிவுத் தட்டுகள் நிரம்பி வழிந்தன. முதலாளி மண்டையைக் குடைந்து யோசித்து, ஊழியர்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று கண்டுபிடித்தார். பயிற்சியாளர் ஒருவர் கோட்டும் மைக்குமாக வந்து இறங்கினார். எட்டுப் பேரிடம் பேச மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"கண்ண மூடுங்க! உங்க வெற்றி கண்ணு முன்னாடி தெரியுதா?" என்று அலறினார் பயிற்சியாளர்.

திறந்து வைத்தாலே ஒன்றும் தெரியவில்லை, மூடினால் மட்டும் தெரிந்துவிடுமா என்று விளிம்பண்ணன் நினைத்துக்கொண்டார். ஆனாலும் "தெரியுது!" என்று மற்றவர்களோடு சேர்ந்து கத்தினார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கால் மணி நேரம் கைதட்டல், கால் மணி நேரம் சிரிப்பு. சிரிக்காதவர்கள் பெயரைப் பயிற்சியாளர் குறித்துக்கொண்டார். அதுவும் போதாதென்று முதலாளி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். "மாசக் கடைசில யார் தட்டுல கழிவு ஜாஸ்தியோ, அவங்க வீட்டுக்குப் போயிடலாம். இதுவும் ஒரு ஊக்கந்தான்."

யார் தட்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அன்றிரவு விளிம்பண்ணன் விஷயத்தை வீட்டில் சொன்னார். மகள் நர்ஸ் படிப்பை முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"தெருவுல கண்ணாடி விக்கிறானே, அதுல ஒண்ண வாங்கித் தொலைங்களேன்," என்றாள் மனைவி. "உங்க கௌரவத்த வச்சு அடுப்பெரிக்க முடியுமா?"

வாங்கினார். நடைபாதைக்காரன் "என்ன வேலைங்க பாக்குறீங்க?" என்று கேட்டபோது, கூசாமல் "லாரி ஓட்டுறேன்" என்றார். அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டையும் கழிவறையில் போய்ப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து தீட்டினார். ஒரு நாளைக்கு இருபது தடவை. பட்டறையே அவர் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டது. ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்.

அப்படியும் தட்டு நிரம்பியது.

இது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் தன் கழிவுத் தட்டிலிருந்து நாலு வில்லைகளையும் அவற்றின் சீட்டுகளையும் கழிவறைக்கு எடுத்துப்போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோணம் அளக்கும் அட்டையில் வைத்துப் பார்த்தார். நாலும் அச்சு அசலாகச் சரியாக இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

வில்லைகளைச் சோதித்து, சரியானவற்றுக்கு 'பாஸ்' முத்திரை குத்துகிறவள் பாஸ் அக்கா. விளிம்பண்ணன் திரும்பி வந்து அவளையே கவனித்தார். கருவியின் பக்கத்திலிருக்கும் எண் சக்கரத்தை அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். சீட்டைக் கை நீளத்துக்குப் பிடித்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு வில்லையைக் கழிவில் போட்டாள். தப்பானதை பாஸ் செய்தால் அவள் வேலை போகும், நல்லதைக் கழித்தால் அடுத்தவன் வேலைதானே? அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மறுபடியும் கையை நீட்டினாள். அது அப்படியே அவருடைய கை. ஆத்திரம் வந்த வழியே போய்விட்டது.

மாதக் கடைசியில் முதலாளியும் பயிற்சியாளரும் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். "அண்ணே, வருத்தந்தான். ஆனா உங்க தட்டப் பாருங்க," என்றார் முதலாளி.

அக்காவைக் காட்டிக்கொடுத்தால் தப்பிக்கலாம். அவருக்கு நாக்கு புரளவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். "எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியல முதலாளி. ரெண்டு வருசமாச்சு. இதப் போட்டா நல்லா வேலை செய்வேன். பெட்டி மட்டும் ஒட்ட மாட்டேன்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் பாஸ் அக்கா முன்னால் வந்தாள். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அவர் தட்டிலிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள். ஐந்தாவதில் அழுதுவிட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தெரியலண்ணே. மன்னிச்சிடுங்க."

"இதென்ன கூத்து? வேற யாருக்கெல்லாம் தெரியல? பயிற்சியாளரே, பேர எழுதுங்க!" என்று முதலாளி கத்தினார்.

முதலில் சாணை பிடிப்பவர் கையைத் தூக்கினார். அப்புறம் ஃபிரேம் மாட்டுகிறவள். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் பயந்து மறைத்தது இந்த ஒன்றைத்தானா என்று விளிம்பண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அவர் நிஜமாகச் சிரித்தது அப்போதுதான்.

பயிற்சியாளர் எட்டுப் பேர் பெயரையும் எழுதிக் காகிதத்தை நீட்டினார். முதலாளி வாங்கிப் பார்த்தார். கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஜன்னல் பக்கம் போய், தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

விளிம்பண்ணன் மெல்லக் கேட்டார்: "பட்டியல் முடிஞ்சுதா முதலாளி? இல்ல, இன்னும் ஒரு பேர் சேக்கணுமா?"