மைக்கில் சொல்லக் கூடாத வார்த்தை

ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்கள் மூன்று மாதம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே போய் ஏதாவது ஒரு வேலை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று விதி. அவளுக்கு வாய்த்தது ரயில் நிலையத்தின் அறிவிப்பு அறை.

அவளுடைய ஆய்வு பேச்சைப் பற்றியது. ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்றவர் தொடங்குவதற்குள் விழுகிற சின்ன மௌனம் இருக்கிறதே, அதில் மனிதர்கள் என்னென்ன புரிந்துகொள்கிறார்கள் என்று வருடக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். "பேசாம இருக்கிறதைப் பத்திப் படிக்கிறா. ஆனா அவளால ஒரு நிமிஷம் பேசாம இருக்க முடியாது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வாள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ரயில் வருது, போகுதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிப்பு?"

அறை மாடியில் இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு கணினி, ஒரு மைக். மைக்கை யாரும் தொடுவதில்லை. அறிவிப்பாளர் எப்போதோ பதிவு செய்து வைத்த குரல்தான் துண்டு துண்டாக ஒட்டப்பட்டு ஒலிக்கும். அவள் முதல் வாரங்களை நடைமேடை பெஞ்சிலேயே கழித்தாள். ஒவ்வொரு அறிவிப்பும் முடிந்ததும் ஜனங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்கள். வண்டி எண்ணை முதலில் சொல்வதால், ஊர் பெயர் வருவதற்குள் காது களைத்துவிடுகிறது என்று எழுதிக் கொடுத்தாள். நிலைய மேலாளர் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, மேல அனுப்பறேன்" என்றார். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

ஒரு நாள் காலை, விடாத மழையில் எங்கோ பாதையில் மண் சரிந்து வண்டிகள் எல்லாம் நின்றன. அறிவிப்பாளரும் மழையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று பதிவுக் குரல் சலிக்காமல் வருந்திக்கொண்டே இருந்தது. கீழே கூட்டம் மேலாளரைச் சூழ்ந்துகொண்டது. அவர் கூட்டத்துக்கு நடுவிலிருந்தே அறைக்குப் போன் செய்தார்.

"ஏதாவது சொல்லித் தொலைங்கம்மா!"

"எப்ப வண்டி வரும் சார்?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க இடி வாங்கிட்டு நிக்கிறேன்?"

அவள் பதிவை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தாள். "வணக்கம். பேசறது மெஷின் இல்ல, ஆள்தான். பாதையில மண் சரிஞ்சு கிடக்கு. எப்ப சரியாகும்னு எங்களுக்கே தெரியாது. அரை மணிக்கு ஒரு தடவை வந்து பேசுவேன். சேதி இல்லைன்னாலும் வருவேன்."

கூட்டம் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. சிலர் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள். சிலர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். மேலாளரைச் சுற்றி இருந்த கூட்டம் கலைந்தது. அவள் சொன்னபடியே வந்து, "இன்னும் சேதி இல்லை" என்றாள். மூன்றாவது தடவை யாரோ கை தட்டினார்கள்.

அப்போதுதான் ஒருவர் கதவைத் தட்டினார். நனைந்த சட்டை. கையில் சின்னப் பெட்டி.

"நீங்கதானே பேசினது? என் பொண்ணுக்கு இன்னிக்கு ஆபரேஷன். அப்பா முகத்தைப் பார்த்துட்டுத்தான் உள்ள போவேன்னு சொல்றா. நிக்கட்டுமா, பஸ்ல போகட்டுமா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"அது மைக்குல சொன்னீங்க. இப்ப என்கிட்ட சொல்லுங்க."

அவள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாள். பிறகு, "ஆபரேஷன் எங்க அக்காவுக்குன்னா நான் வண்டிக்காக நிக்க மாட்டேன்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் பாதை திறந்துவிட்டது. வண்டி வந்து, ஜனங்களை அள்ளிக்கொண்டு போயிற்று. அந்த மனிதர் ஏறிய பஸ் சுற்றுவழியில் போகும். தன் வாய்தான் அவரைக் கெடுத்தது என்று அவள் நொந்து உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த சாப்பாட்டை டப்பாவோடு மூடி வைத்தாள்.

மதியத்துக்கு மேல் செய்தி வந்தது. போன வண்டி நடுவழியில், வேறொரு சரிவுக்கு முன்னால் நிற்கிறது. எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே, அத்தனை பேர் அந்தரத்தில் நிற்க இதென்ன நிம்மதி என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. அவர்களை வழியனுப்பிவிட்டு இன்னும் போகாதவர்கள், சேதி கேட்டு வந்த உறவினர்கள் எல்லோருக்கும் அவள்தான் மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

சாயங்காலம் மேலாளர் வந்தார். "தெரியாதுன்னு மைக்குல சொல்லலாமா? மேலேருந்து எனக்குச் செம டோஸ்." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா சட்டை கிழியாம வீட்டுக்குப் போறேன்."

அவள் பெட்டிக்காரரைப் பற்றிச் சொன்னாள்.

"போய்ச் சேர்ந்திருப்பார்" என்றார் அவர்.

"என் சாமர்த்தியம் இல்ல சார். குருட்டு அதிர்ஷ்டம்."

"அதுவும் சரிதான்" என்று எழுந்தார் அவர்.

மூன்று மாதம் முடியும் சமயத்தில் மேலிடம் ஒன்றே ஒன்றை ஒப்புக்கொண்டது: தாமதம் என்றால், அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அவள் குரலிலேயே பதிவு செய்யச் சொன்னார் மேலாளர். "வேண்டாம் சார், ஜனங்களுக்குப் பழகின குரலே இருக்கட்டும்" என்றாள். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று இவள் விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.