ஏ பக்கம்

இருபது சதவீத இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, நானும் ஆஷிக்கும் கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். பஸ் ஓடவில்லை. பெரிய ரோட்டில் வழிநெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சங்கராபுரம், மணலூர்பேட்டை என்று உள்வழியாகப் போய்விடலாம் என்றான் ஆஷிக். ராஜ்தூத் பைக்கை அவன் ஓட்டினான். பின்னால் என் மடியில் துண்டில் சுற்றிய டேப் ரெக்கார்டர்.

அதற்குள் ஒரே ஒரு கேசட். எங்கள் பன்னிரண்டு பாட்டு. ஏ பக்கத்தில் ஆறு, ஆஷிக் மெட்டுப் போட்டு அவனே பாடியவை. பி பக்கத்தில் ஆறு, ஜெயசுதா பாடியவை. ஜெயசுதா என் மனைவி. ஆடியில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள்.

கல்லூரியில் தொடங்கிய குழு. சினிமாப் பாட்டு பாடுவதில்லை என்று வைத்திருந்தோம். அதனால் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை. கல்லூரி ஆண்டு விழாவிலேயே மூன்றாவது பாட்டில் விசிலடித்து இறக்கிவிட்டார்கள். நாங்கள் பாடிப் பழகிய துருகம் ரோட்டு மாடி அறையில் லாரிச் சத்தம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையில் பூட்டிக் கிடந்த ஒரு வகுப்பறையைத் திறக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். பாட்டுகளுக்கு நடுவே காற்று கேட்கும்.

நகல் எடுக்கவில்லை. எடுத்தால் இரைச்சல் ஏறும். விழுப்புரத்தில் கேசட் போட்டு விற்கிறவர் முதல் பதிவைத்தான் கேட்டார், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். டேப்பையும் தூக்கிவந்தது ஆஷிக்கின் பிடிவாதம். வேறு டேப்பில் வேகம் மாறினால் சுருதி மாறிவிடும் என்பான்.

கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் காது உண்டு. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே பதிய முடியாது. கருமாதி முடிந்த சாயங்காலம் பி பக்கத்துக் காதை நான் நகத்தால் உடைத்தேன். ஆஷிக் ஏ பக்கத்தை உடைக்கவில்லை. கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தைத் திரும்பப் பாட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மணலூர்பேட்டைக்கு இரண்டு மைல் முன்னால் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. நாற்பது ஐம்பது பேர். ஒருவர் வந்து வண்டிச் சாவியைப் பிடுங்கினார். கையில் அரிவாள். மரம் கழித்த சாறு அதில் காய்ந்திருந்தது.

"துண்டுல இன்னா?"

"டேப்புங்க."

"டேப்பா? யார் பேசறத ரெக்கார்டு பண்ணிக்கினு போய் யார் கிட்ட குடுக்கற? ஸ்டேஷன்லயா?"

"பாட்டுக் கோஷ்டிங்க நாங்க" என்றான் ஆஷிக்.

"உம் பேரு?"

"ஆஷிக்."

"சரி பாய், நீ இரு. நீ யாரு வூட்டுப் புள்ள?" என்று என்னைக் கேட்டார்.

களமருதூர் ராமசாமி மகன் இளவரசன் என்றேன். கூட்டத்தில் யாரோ, "நம்ம புள்ளதான், ராஜாங்கண்ணே. பொண்டாட்டி செத்துப்போச்சே, அந்தப் புள்ள" என்றார். ராஜாங்கம் அரிவாளைக் கீழே வைத்தார். அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இனி எதையும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

"போட்டுக் காட்டு."

ஏ பக்கம் போட்டேன். ஆஷிக்கின் குரல் ரோட்டில் கேட்டது. அரை நிமிஷம் பொறுத்தார்கள்.

"இது எந்தப் படம்?"

"படம் இல்லீங்க, சொந்தப் பாட்டு."

"அதான பாத்தேன். இத யாருடா காசு குடுத்து வாங்குவான்?" சிரித்தார்கள். ராஜாங்கம் சிரிக்கவில்லை. "ரேடியோவுல நம்மளக் கலவரக்காரங்கன்றான். இருபது சதவீதம் கேட்டோம்னு ஒரு வார்த்த சொல்லல. சாலம்மா, இங்க வா. நீ பாடுறத இந்தத் தம்பி புடிக்கட்டும். தம்பி, கேசட் போடறவரு கிட்ட இதையும் சேத்துப் போடச் சொல்லு. நாலு பேரு வாங்குவான்."

"வேற கேசட் இல்லீங்க" என்றான் ஆஷிக். "ரெண்டு பக்கமும் ரொம்பிடுச்சு."

"ஒரு பக்கத்த அழி. நீ வா பாய், வண்டிய அந்தாண்ட தூக்கி வெக்கலாம்."

நான்கு பேர் ஆஷிக்கை வண்டியோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மரத்தின் மேல் வண்டி ஏறும்போது அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

ராஜாங்கமே கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டார். பி பக்கம். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். சிவப்பு ரெக்கார்டு பொத்தான் இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஏமாத்துறியா தம்பி?"

"இல்லீங்க."

"அப்ப ஏன் எறங்கல?"

ஒரு துண்டுப் பேப்பரை மடித்து, காது உடைந்த குழியில் வைத்தால் இறங்கும். நூறு தடவை செய்திருக்கிறேன். சட்டைப் பையில் பெட்ரோல் பில் இருந்தது.

கேசட்டை எடுத்தேன். ஏ பக்கம் திருப்பினேன். முதலுக்கு ஓட்டி, அழுத்தினேன். இறங்கியது.

சாலம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கு எங்கே என்று கேட்டாள். காட்டினேன். பங்கு கேட்டதற்குத் தடியடியா என்று தொடங்கி, அடிபட்டவர்களின் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடினாள். கூட்டம் பின்பாட்டு பாடியது. சுருதி எங்கும் விலகவில்லை. நான் ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். அது பழக்கம்.

பக்கம் தீரும்வரை விடவில்லை. கோஷம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து பேர் சொன்னார்கள். பொத்தான் தானாக மேலே வந்தபோது ராஜாங்கம் என் தோளைத் தட்டிச் சாவியைக் கொடுத்தார்.

ஆஷிக் மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"எந்தப் பக்கம்?"

"ஏ."

அவன் வண்டியைக் கிளப்பினான். மணலூர்பேட்டை தாண்டி, ஆற்றோரம் வந்ததும் நிறுத்தினான்.

"பி பக்கம்தான் மொதல்ல போட்டாரு. பாத்தேன்."

"ஆமா."

"பேப்பர் வெச்சிருந்தா பதிஞ்சிருக்கும்."

"ஆமா."

"உனுக்கு அது ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு."

கையை நீட்டினான். கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல்தான். எறிந்துவிடுவான் என்று நினைத்தேன். என் கால்கள் தயாராக நின்றன, எதற்கென்று தெரியவில்லை. அவன் கேசட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு ஏ பக்கத்துக் காதைக் கட்டை விரல் நகத்தால் நெம்பினான். ஒடிந்தது.

"அந்தப் பொம்பள நல்லாத்தான் பாடுது" என்றான். "என்னவிட."

கேசட்டை என் கையில் போட்டான். வண்டி ஏறினான்.

"விழுப்புரம்தான?" என்றேன்.

"ஒக்காரு."

திருக்கோவிலூர் வரை அவன் முதுகு என் மேல் படாமல் முன்னால் தள்ளியே உட்கார்ந்து ஓட்டினான்.