கிளட்சுக்கு அடியில்

தாராவியில் சுடலைமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்குள் டாக்ஸிக்காரன் பூதத்தான் இரும்புக் கம்பியோடு நுழைந்தான்.

"நேத்துதானல கிளட்சு மாத்துன? கியர் விழாம பாலத்துல வண்டி நின்னுட்டு. லாரிக்காரன் பின்னால இடிச்சுட்டான். செத்துருப்பேன்ல!"

பதில் வருவதற்குள் கம்பி சுடலைமுத்துவின் நெற்றியில் இறங்கியது. ரத்தம் பீறிட, அவன் சரிந்து விழுந்தான். பூதத்தான் மறுபடியும் கம்பியை ஓங்கினான். அதற்குள் சுடலைமுத்துவின் மனைவி மாரிசெல்வி ஜாக்கி ராடால் அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"கிளட்சு மாத்துனது நான். என்னையில்லா அடிச்சிருக்கணும்!"

துப்பட்டாவால் கணவனின் தலையை இறுக்கிக் கட்டிவிட்டு, கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்த டாக்ஸிக்குள் குனிந்து கிளட்சு மிதியைக் கையால் அழுத்தினாள். அது பாதியிலேயே நின்றது. அடியில் ஒரு புது ரப்பர் மேட் சுருண்டு கிடந்தது.

"இத யாரு போட்டா?"

"நான்தான். காலையில தாதர்ல வாங்குனேன்."

"மிதி முழுசா இறங்கலன்னா கியர் எப்படிவே விழும்?"

மேட்டை உருவித் தெருவில் எறிந்தாள். பூதத்தான் உடைந்த கையைப் பிடித்தபடி, சுடலைமுத்துவின் நெற்றியைப் பார்த்து அழத் தொடங்கினான்.

இருவரையும் பின்சீட்டில் ஏற்றி அவளே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வழி நெடுகப் பூதத்தான் மன்னிப்புக் கேட்டான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.