எழுத்து மாறிய டேப் ரெக்கார்டர்

சந்திரவல்லிக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. ஆனால் யாரும் கேட்காத விஷயத்தைத் தானாகச் சொல்லாமல் இருப்பதில் அவளுக்குத் தனி ருசி உண்டு.

சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போனவள். 1984-ல் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி கருத்தம்மாள்தான் பாடத்தை வாசித்துக் காட்டுவாள். அடுப்பில் குழம்பு பொங்கினால் அசோகர் பாதிப் போரில் நின்றுவிடுவார்.

"ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தா அண்ணி தோதுப்பட்டப்ப வாசிச்சு வச்சிரும்ணே" என்று போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ கடை வைத்திருந்த வெள்ளைத்துரையிடம் ஒருநாள் சொல்லிவைத்தாள்.

அவர் அதை மறக்கவில்லை. எஸ்டேட் பங்களாக்களில் தூசி படிந்து கிடந்த பழைய டேப் ரெக்கார்டர் செட்டுகளை ஜீப்புக்காரர்களிடம் சொல்லி மலையிலிருந்து இறக்கினார். ஒன்றின் மோட்டாரை இன்னொன்றில் மாட்டி, ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போட்டு, மூன்றை ஓட வைத்தார். செலவை ஏலக்காய் வியாபாரிகளின் நற்பணி மன்றம் ஏற்றுக்கொண்டது. ஒன்று சந்திரவல்லிக்கு. மற்ற இரண்டும் அவளைப் போலவே பார்வையில்லாத ராசிங்காபுரம் மொக்கச்சாமிக்கும், மலை எஸ்டேட்டில் இருந்த பொன்னுமணிக்கும்.

மன்றம் செட்டுகளை வழங்கும் விழாவுக்கு முதல் நாள் வெள்ளைத்துரை அவள் விரலைப் பிடித்துப் பொத்தான்களைக் காட்டினார்.

"ஒரு குறை இருக்கு தங்கச்சி. பொத்தானெல்லாம் வேற செட்டுது. மேல இருக்கற எழுத்து மாறிக் கெடக்கு. 'பிளே'ன்னு போட்டத அமுக்குனா பின்னால சுத்தும். இன்னைக்குச் சரி பண்ணிர்றேன்."

"எழுத்த வச்சு நான் என்னண்ணே செய்யப் போறேன்? விடுங்க."

மறுநாள் மன்றத்துச் செயலாளர் ராஜாராம் மாலை மரியாதையெல்லாம் முடிந்து ஒலிபெருக்கியில் ஒரு குண்டைப் போட்டார். செட்டுகள் மன்றத்து அலமாரியில் இருக்குமாம். சனிக்கிழமை தோறும் வந்து கேட்டுவிட்டுப் போகலாமாம்.

"வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதா சார்?" என்றாள் சந்திரவல்லி.

"கண்ணு தெரியாத பிள்ளைக. கீழ போட்டு ஒடச்சுப்பிட்டா? அம்புட்டும் விலை கூடுன சாமான் ஆத்தா."

அவர் கெட்டவர் இல்லை. பொருளுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் சுரீரென்றது. முகத்தைப் பால் வடிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சரிங்க சார். என் செட்ட ஒருக்கா ஓட்டிக் காட்டுங்களேன், கேட்டுக்கிர்றேன்."

ராஜாராம் கண்ணாடியைச் சரிசெய்து 'பிளே'யை அழுத்தினார். கேசட் கீச்சென்று பின்னால் ஓடியது. 'ஸ்டாப்' என்று எழுதியிருந்ததை அழுத்தினார். மூடி படாரென்று திறந்து, கேசட் துள்ளி அவர் மடியில் விழுந்தது. கூட்டம் சிரித்தது.

"வெள்ளைத்துரை! என்னய்யா இது?"

வெள்ளைத்துரை வாயைத் திறந்தார். சந்திரவல்லி முந்திக்கொண்டாள்.

"பழைய சாமான்தான சார், அவரத் திட்டாதீக. இது எதுக்கு அலமாரியில எடத்த அடைக்கணும்? நானே கொண்டு போயிர்றேன்."

"கொண்டு போ, கொண்டு போ" என்றார் ராஜாராம்.

அன்று சாயங்காலம் அசோகர் எந்தத் தடையுமில்லாமல் கலிங்கத்தை ஜெயித்தார். ஆனால் சந்திரவல்லிக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. மொக்கச்சாமியும் பொன்னுமணியும் வெறுங்கையோடு பஸ் ஏறியது மனசில் உறுத்தியது. அடுத்த நாளே கடைக்குப் போனாள்.

"அண்ணே, அலமாரியில இருக்கற ரெண்டுக்கும் எண்ணெய் போடணும்னு வாங்கியாங்க. பொத்தான மட்டும் மாத்தி மாட்டுங்க."

"ஏத்தா, என் பேரு கெட்டுப் போகும்!"

"ஓடலன்னாதான பேரு கெடும்? அதுக ஓடும்ணே."

முனகிக்கொண்டே செய்தார். அடுத்த சனிக்கிழமை ராஜாராமின் கையில் அந்த இரண்டும் கீச்சிட்டன. இதுகளையும் கொண்டு போகட்டும் என்று அவர் தள்ளிவிட, ஒன்று ராசிங்காபுரம் போனது, ஒன்று ஜீப்பில் மலையேறியது.

இரண்டு மாதம் நிம்மதியாகக் கழிந்தது. ஒருநாள் ராஜாராம் ஏலக்காய் லோடு விஷயமாக அவள் அண்ணனைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே கருத்தம்மாளின் குரல் அவுரங்கசீப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. கருத்தம்மாளோ அவர் கண்முன்னால் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

ராஜாராம் நேராக உள்ளே வந்தார். "இது ஓடுதே!"

சந்திரவல்லி எழுந்து நின்றாள். "எனக்கு ஓடுது சார்."

அவர் மறுபடி 'பிளே'யை அழுத்தினார். கீச்! இனி மறைத்துப் பயனில்லை என்று அவர் விரலைப் பிடித்துச் சரியான பொத்தானில் வைத்தாள். அவுரங்கசீப் தெளிவாகப் பேசினார்.

"அப்ப மத்த ரெண்டும்?"

"அதுகளும் ஓடுது சார். ஒண்ணும் ஒடையல."

பெட்டியைப் பிடுங்கப் போகிறார் என்று அவள் அதன் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். ஆனால் அவர் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. அன்று ராத்திரி பெட்டியைத் தலைமாட்டிலேயே வைத்துப் படுத்தாள்.

மறுநாள் காலையில் வெள்ளைத்துரையே மூச்சிரைக்க வந்தார்.

"தங்கச்சி, செயலாளரு அவரு வீட்டு செட்டக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்காரு. தேவாரம் ஊருல பார்வையில்லாத ஒரு பையனுக்குக் குடுக்கணுமாம், வீட்டுக்கே கொண்டு போகட்டும்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. இதையாச்சும் எழுத்தப் பாத்து அமுக்குறவனுக்கும் ஓடுற மாதிரி செய்யின்னாரு."

சந்திரவல்லி சிரித்த சிரிப்பில் அண்ணி கையிலிருந்த முறம் நழுவியது.